கொடிமரத்துக்கிட்ட

"இந்த வளைவைப் பாருங்கப்பா. இருநூறு வருசமா ஒரு தூணு அசையல," என்றாள் ஜாய், மாதா கோயில் பசிலிக்காவின் கூரையை அண்ணாந்து பார்த்தபடி.

அய்யாக்குட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தென்காசியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். கோயிலில் வைத்துப் பார்க்கலாம் என்று இரு பக்கமும் பேசி முடித்ததே மகள்தான். இன்னும் யாரையும் காணோம்.

வாசலில் மாதா கொடி ஏற்றும் கொடிமரத்தடிக்கு வந்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, எங்கன நிக்கிய?"

"கோயில்லதான் நிக்கோம். கொடிமரத்துக்கிட்ட."

"நானும் கொடிமரத்துக்கிட்டதான நிக்கேன்."

"வெரசா வாங்க அண்ணாச்சி. நடை சாத்திட்டா பொண்ணு பேருக்கு அர்ச்சனை பண்ண முடியாது."

அய்யாக்குட்டி மெல்ல உள்ளே வந்தார். "ஏட்டி ஜாய்."

அவள் கூரையிலிருந்து கண்ணை இறக்கவே இல்லை.

"எம்புட்டு உயரம், இல்லப்பா?"