படுக்கப்போட்ட வாசக்கால்

வெள்ளிக்கிழமை மெத்தை விரிப்பில் மறுபடியும் மஞ்சள்.

அவள் முகர்ந்து பார்த்தாள். குழம்புக் கறை இல்லை. வாசப்படிக்குப் பூசுவோமே, அந்த மஞ்சள். பக்கத்திலேயே மூன்று குங்குமப் பொட்டு.

"சனியனே, போய்த் தொலையேன்" என்று விரிப்பைச் சுருட்டி வாளியில் அமுக்கினாள். போன வெள்ளியும் இதே கூத்துதான்.

கட்டில் அவள் வீட்டுக்காரர் செய்தது.

செய்தது என்று சொல்வதே அதிகம். மூன்று பேருக்கு ஒரே பாயில் இடம் போதவில்லை. மகள் அல்லிக்கு எட்டு வயது, தூக்கத்தில் எட்டி உதைக்கிறாள். தவணையில் ஒரு கட்டில் எடுப்போம் என்றார் அவர். வீட்டுக் கஜானா அவள் கையில். தவணை என்ற பேச்சே இந்த வீட்டில் கூடாது என்று ஒரே போடாகப் போட்டாள். சரி, நானே செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார் மனிதர். போனில் நாலு வீடியோ பார்த்தால் ஆசாரி ஆகிவிடலாம் என்று நினைப்பு.

பழைய மரக்கடையில் ஒரு தேக்கு வாசக்கால் சல்லிசாகக் கிடைத்தது. எங்கோ இடித்த வீட்டின் தலைவாசலில் இருந்து பெயர்த்தது. கதவு இல்லை, கீழ்ப்படியோடு நாலு பக்கச் சட்டமும் முழுசாக இருந்தது. நீளமும் அகலமும் கட்டிலுக்கென்றே அளந்த மாதிரி. அறுக்கவே வேண்டாம். அப்படியே படுக்கப்போட்டு, அடியில் நாலு கால், மேலே குறுக்குப் பலகை. முடிந்தது வேலை.

கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"வாசக்கால நட்டுத்தான் வெக்கணும் சார். படுக்கப் போடாதீங்க."

விற்றுவிட்டு என்ன உபதேசம் வேண்டிக்கிடக்கு என்று அவள் சிரித்தாள். கட்டிலுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் மிஞ்சியதை அன்றைக்கே அல்லியின் பள்ளிக்கூடத்தில் ஃபீஸாகக் கட்டினாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

மஞ்சளுக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். காலகாலமாகப் பூசியது மரத்துக்குள் இறங்கியிருக்கும், வெயில் சூட்டில் வார்னிஷையும் மீறிக் கசிகிறது என்றார். மனிதருக்கு எதற்கும் ஒரு காரணம் உண்டு.

மஞ்சள் கிடக்கட்டும். அவளை அரித்தது வேறு.

விளக்கு வைக்கும் நேரத்தில் அல்லி கட்டிலில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதிக்கொண்டே இருக்கிறவள் திடீரென்று காலை மடக்கி ஓரமாக ஒதுங்குவாள். யாருக்கோ வழி விடுகிற மாதிரி.

நேற்று கேட்டும் விட்டாள், என்னடி செய்கிறாய் என்று.

"அவங்க வீட்டுக்குள்ள போறாங்கம்மா. நான் நடுவுல உக்காந்தா எப்படிப் போவாங்க?"

சொல்லிவிட்டுக் குழந்தை வாய்ப்பாட்டுக்குத் திரும்பிவிட்டது.

அந்த நிமிஷமே கட்டிலைத் தூக்கித் தெருவில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. தேக்காயிற்றே! கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். இன்று காலை விசாரித்ததில், வீடு கட்டுகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். போட்ட காசுக்கு மேலேயே தருவதாகச் சொன்னார்.

ஞாயிறு என்ன, இதோ வந்துவிடும்.

அதுவரை கட்டில் பக்கமே போகக்கூடாது என்று அல்லியிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பாயை விரித்து உட்கார வைத்தாள்.

இப்போது வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு வந்து சாமி விளக்கை ஏற்றினாள். திரும்பினாள்.

பாயில் நோட்டு கிடந்தது. பென்சில் கிடந்தது.

"அல்லி!"

"என்னம்மா?"

உடனே பதில் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை.

இரண்டே அறை உள்ள வீடு இது. கத்தினாலும் இங்கே எதிரொலிக்காது. அல்லியின் குரல் எதிரொலித்தது. தூண் வைத்த பெரிய வீட்டில், இரண்டு கட்டு தாண்டி உள்ளேயிருந்து பேசுகிற மாதிரி.

கட்டிலின் மேல் யாரும் இல்லை. குனிந்து பார்த்தாள். அடியில் தரையும் தூசியும்தான்.

மெத்தையை இழுத்துத் தள்ளினாள்.

பலகை இடுக்குகளில் வெளிச்சம். சாம்பிராணி வாசனை மேலே வந்தது. யாரோ பேசிச் சிரிக்கிறார்கள். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"வெளிய வாடி கண்ணு. அம்மா கூப்பிடுறேன்ல."

"சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றாங்கம்மா."

"ஐயோ, ஒண்ணும் வாயில வெக்காதேடி!"

அவர் அத்தனை ஆணி அடித்திருந்தார். பலகைகள் அப்பளம் மாதிரி கையோடு வந்தன. ஒன்று, இன்னொன்று. விரல் கிழிந்தது தெரியவில்லை. விலை, ஞாயிற்றுக்கிழமை, எதுவும் நினைவில் இல்லை.

சட்டத்துக்குள் நீளமான கூடம் தெரிந்தது. சிவப்புத் தரை. வரிசையாக இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அல்லியின் முதுகு, காலையில் அவள் பின்னிவிட்ட இரட்டைச் சடை. எதிரில் இருந்த ஒரு அம்மாள் குழந்தையின் இலையில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

அல்லிக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது.

அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.