இடுப்பொடிக்கும் பாதை

மேடுபள்ளத்தில் பைக் ஓட்டும் ஆசை வந்ததும் அவர் முதலில் வாங்கியது கையுறை மட்டும்தான். பிறகு முழங்கால் கவசம், முதுகுக் கவசம், முட்டிவரை பூட்ஸ் என்று வளர்ந்து, இப்போது அலமாரியில் மனைவியின் துணிகளுக்கு இடமில்லை.

"ஏங்க, பைக் ஓட்டப் போறீங்களா, போருக்குப் போறீங்களா? வாள் ஒண்ணுதான் பாக்கி!" என்றாள் மனைவி.

"உனக்கென்ன தெரியும்! இன்னிக்கு யார் காட்டுற பாதை ரொம்ப மோசமோ, அவர்தான் எங்க கிளப்புக்குத் தலைவர்."

போட்டிக்கு நின்ற பல் டாக்டர் ஓர் ஆற்றுப்படுகையைக் காட்டினார். பன்னிரண்டு பைக்குகளும் அலுங்காமல் கடந்துவிட்டன. டாக்டரின் முகம் தொங்கிப்போனது.

அடுத்தது நம்மவரின் பாதை. முதல் வளைவிலேயே நாலு பேர் விழுந்தார்கள். ஒரு பள்ளத்தைத் தாண்டினால் அதைவிடப் பெரிய பள்ளம். இடுப்புவரை சேற்றில் நின்றபடி டாக்டர் கும்பிட்டார்.

"போதும் சார், விட்ருங்க! நீங்கதான் தலைவர்!"

கைதட்டல் அடங்கியதும் டாக்டர் தன் போனை நீட்டினார்.

"ஒண்ணு மட்டும் புரியல சார். மேப்புல இது புத்தம்புதுத் தார் ரோடுன்னு இருக்கு. இவ்வளவு கேவலமா இருக்கும்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாம் அனுபவம்தான், டாக்டர்" என்று அடக்கமாகச் சிரித்தார் புதிய தலைவர்.

போன வருடம் அந்தத் தார் ரோட்டைப் போட்டு முடித்தாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்ட சாலைத்துறை இன்ஜினீயர் அவர்தான்.