மீன் எண்ணெய் பூசிய கதவு

“இன்னிக்குத்தான் இந்த எண்ணெயப் பூசணுமா? மூணு மணிக்கு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வராங்கோ” என்றாள் ஞானபாக்கியம்.

அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் பழந்துணியை மீன் எண்ணெயில் முக்கி, தெருக்கதவில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். ராயபுரத்துக் கடல்காற்று நேராக வந்து மோதுகிற வீடு. எண்ணெய் காட்டாவிட்டால் ரெண்டே மழையில் மரம் வெளுத்து வெடித்துவிடும். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் படகுக்குப் பூசுகிற எண்ணெயை வீட்டுக் கதவுக்குப் பூசுகிறவர் அந்தத் தெருவில் அவர் ஒருத்தர்தான். பூசினால் பத்து நாளைக்குத் தெருப்பூனை அத்தனையும் வாசலில்தான் கிடக்கும்.

“வர்றவங்க கண்ணுக்குக் கதவு பளபளன்னு இருக்க வேணாமா?” என்றார்.

“கண்ணு மட்டுமா கீது? மூக்குன்னு ஒண்ணு கீதே.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ஏற்கெனவே மூன்று இடம் வந்து போயிருந்தது. முதலில் வந்தவர்கள் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை, காபியும் குடிக்கவில்லை. அடுத்த மாப்பிள்ளையின் அத்தை வாசலோடு திரும்பி ரிக்‌ஷாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது ஆள் வாத்தியார். உங்கள் பேட்டைக் காற்று எங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கடுதாசி போட்டுவிட்டார். மூன்று தடவையும் முதல் நாளோ அன்றைக்கோ இந்த மனுஷன் கதவுக்கு எண்ணெய் பூசியிருந்தார். மகள் ஃப்ளோராவுக்கு வயசு இருபத்தாறு. இதுவும் தவறிப்போனால் இனி யார் வருவார்கள் என்று ஞானபாக்கியத்துக்குத் தூக்கமே இல்லை.

ஹபீபுல்லா கடையில் மரத்துக்குப் பூசுகிற லின்சீட் எண்ணெய் கிடைக்கிறது, நாற்றம் கிடையாது, ரெண்டு மூணு நாளில் காய்ந்துவிடும் என்று அவளும் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் பதில் ஒன்றுதான்.

“கடையில விக்கறவன் எதுல எத்த கலக்குறான்னு யாரு கண்டா? மீனு பொய் சொல்லாது.”

ஃப்ளோரா இறால் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தினமும் கூடை கூடையாய் இறால் உரிக்கிற வேலை. கொல்லையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது பழம்.

சொன்ன நேரத்துக்குக் கொருக்குப்பேட்டையிலிருந்து ரிக்‌ஷா வந்து நின்றது. மாப்பிள்ளை அருள்நாதனுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. கூட அவன் அம்மா சிலுவையம்மாள்.

கதவுக்கிட்டே வந்ததும் அந்த அம்மாள் நின்றுவிட்டாள்.

சிலுவையம்மாள் கதவை உள்ளங்கையால் தடவினாள். விரலை மோந்து பார்த்தாள்.

“மீன் எண்ணெய்தானே அண்ணே? பழசைச் சொரண்டாம மேலயே பூசிக்கீறீங்க. அதான் பிசுபிசுன்னு கீது.”

“மழைக்கு முன்னாடி சொரண்டணும்மா” என்று ஸ்டானிஸ்லாஸ் முனகினார்.

செருப்பைக் கழற்றக் கதவைப் பிடித்த அருள்நாதனுக்குக் கை முழுக்க எண்ணெய். ஞானபாக்கியம் செம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவன் பரவாயில்லை என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, அதே கையால் மசால்வடையை எடுத்துத் தின்றான். ஒன்றுக்கு மூன்றாகத் தின்றான். உள்ளேயிருந்து பார்த்த ஃப்ளோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டானிஸ்லாஸ் வடையைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது சிலுவையம்மாள், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க எந்த ஞாயிறு தோதுப்படும் என்று கேட்டாள். வர்ற ஞாயிறே ஆரம்பிக்கலாம் என்றார் ஸ்டானிஸ்லாஸ், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல்.

ரிக்‌ஷா முனை திரும்பியதும் ஞானபாக்கியம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அந்தோணியாருதான் அவுங்க மூக்கை அடைச்சாரு. இல்லாங்காட்டி உங்க எண்ணெயால இதுவும் கெட்டிருக்கும்.”

ஸ்டானிஸ்லாஸ் அவளை உள்ளே கூப்பிட்டார். கட்டிலுக்குக் கீழே குனிந்து, டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு டின்னை இழுத்தார். ஹபீபுல்லா கடை லின்சீட் எண்ணெய். மூடி உடைக்கவில்லை. வாங்கி ரெண்டு வருஷமாகி விளிம்பெல்லாம் துருப்பிடித்திருந்தது.

“நாளைக்கிப் பழசைச் சொரண்டிட்டு இத்த பூசிடலாம்” என்று அவள் கையில் கொடுத்தார். “கதவு நாத்தத்துக்கே மூக்கைப் பொத்திக்கிறவன், தெனம் இறால் உரிச்சுட்டு வர்ற எம்பொண்ணு கையை எப்பிடிமே புடிப்பான்?”