ஒரு பக்கம் தேய்ந்த நிப்

"எழுதுறது வலது கைதானே சார்?"

கேட்டது சபி பாய். பேனாக் கண்காட்சியில் நிப் சரிசெய்யும் மேசை அவருடையது. நெற்றியில் பூதக்கண்ணாடி, முன்னால் நீளமாக வரிசை.

பேனா கொடுத்தவரின் கண் பக்கத்து மேசையில் இருந்தது.

"ஆமாங்க, வலதுதான்" என்றார்.

பக்கத்து மேசையில் பச்சைக் கோடு ஓடிய ஒரு பழைய எபோனைட் பேனா. எத்தனையோ வருஷமாகத் தேடுகிற பேனா. பேனாப் பைத்தியம் பிடித்தவனுக்கு அந்த நேரத்தில் வேறென்ன தெரியும்? பூனைக்குக் கருவாடு தெரிந்த மாதிரிதான்.

எழுந்து போனார்.

மூடியைத் திறந்தார். வெளிச்சத்தில் திருப்பினார். விற்றவரோடு ஊர்க்கதை பேசினார். வாங்கியும்விட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது.

வந்தது மனைவி கமலவேணியின் பேனாவுக்காக.

அவரிடம் இருநூறு பேனா. கண்ணாடி அலமாரியில், பூட்டுப் போட்டு. மனைவியிடம் ஒன்றே ஒன்று. கறுப்பு, கிளிப் துருப்பிடித்தது. டீச்சர் வேலை பார்த்த காலம் முழுக்க அதில்தான் எழுதினாள். ரிடையர் ஆன பிறகும் அதேதான்.

இடது கையால்.

கையைக் கொக்கி மாதிரி வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதுவாள். உள்ளங்கை ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். நிப் ஒரு பக்கமாகவே தேய்ந்துகொண்டு வந்தது.

அவருக்கு அது பொறுக்காது.

"குடு, நேராக்கிக் கொண்டாறேன்" என்பார்.

"நேராக்கினா அது உங்க கைப் பேனா ஆயிரும். எனக்கெதுக்குங்க?" என்பாள். தரவே மாட்டாள்.

போன ஆவணியில் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிய பிறகு, அவள் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தார். கீறியது. காகிதத்தைக் கிழித்தது. கோடே விழவில்லை. இருநூறு பேனாவைப் பழக்கியவருக்கு அது ஒன்று மட்டும் பிடிகொடுக்கவில்லை.

இடது கைக்கு மாற்றினார்.

மணிக்கட்டை வளைத்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

ஓரிடத்தில் எழுதியது.

அவள் கை இருந்த இடம். கூட வாழ்ந்த காலத்தில் ஒருநாளாவது அந்தக் கை எப்படி வளைகிறதென்று பார்த்திருப்பாரா? குறை சொல்லத்தான் நேரமிருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து அழுதார்.

அதிலிருந்து தினமும் காலையில் நாலு வரி. மழை பெய்தது என்று எழுதுவார். முருங்கை பூத்திருக்கிறது என்று எழுதுவார். எழுத்து கோணல்மாணலாக வரும். அது கிடக்கட்டும். வளைத்து வளைத்து அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கிறாரே, அந்த நேரம்தான் அவருக்கு வேண்டும். அப்போது அவள் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

போன வாரம் மை நின்றுவிட்டது.

எவ்வளவு கழுவியும் வரவில்லை. பதறிப்போனார். தெரிந்தவர்கள் எல்லோரும் சபி பாய் பேரைத்தான் சொன்னார்கள்.

நிப்பைத் தொடாதீங்க, மை மட்டும் வந்தா போதும். சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ரயிலில் வரும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

மேசைக்குத் திரும்பியபோது சபி பாய் சிரித்தார்.

"அடைப்பு எடுத்துட்டேன் சார். நிப்பு ஒரு பக்கமா நல்லாத் தேஞ்சு கெடந்துச்சு. யாரோ இடது கைக்காரங்க வச்சிருந்திருக்காங்க போல. உங்க கைக்குத் தோதா தேச்சுவிட்டுட்டேன். எழுதிப் பாருங்க, வெண்ணெயா போகும்."

நிப்பைத் தேய்த்த உப்புத்தாளில் ஒரு சாம்பல் தடம் இருந்தது. சபி பாய் அதை ஈரத்துணியால் துடைத்தார்.

அவர் எழுதிப் பார்த்தார். வெண்ணெயாகத்தான் போனது.

"அடடா, என்ன ஓட்டம்!" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

சபி பாயைச் சொல்லி என்ன? நல்ல மனுஷர். கேட்டுவிட்டுத்தானே செய்தார். ஆமாங்க, வலதுதான். எந்தப் பேனாவைக் கொடுத்தாலும் சொல்கிற பதில். அதே வாய் இன்றைக்கும் அதையே சொல்லியிருக்கிறது. பச்சைக் கோட்டுப் பேனா சட்டைப்பையில் கனத்தது.

"நல்லாருக்குங்க" என்றார்.

சுவரோரம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. உட்கார்ந்தார். கையில் கண்காட்சி நோட்டீஸ். அதைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

பேனாவை இடது கைக்கு மாற்றினார். மணிக்கட்டை வளைத்தார்.

எழுதியது.

வளைவைக் குறைத்தார்.

எழுதியது.

கீறேன், ஒரே ஒரு தடவை கீறேன் என்று மனசு கெஞ்சியது. பேனாவைத் திருப்பினார். சாய்த்தார். மறுபடி திருப்பினார்.

எப்படிப் பிடித்தாலும் எழுதியது.