கட்டிலோரத்து வாளி

"பள்ளத்துல ஆணி அடிக்காதீங்க மேஸ்திரி! தண்ணி ஓடுறதே அங்கதான். மேட்டுல அடிங்க!"

வாசலில் குடை பிடித்து நின்றவர் கத்தினார். கூரை மேல் குந்தியிருந்த மேஸ்திரி "சரி சார்" என்று முனகிவிட்டு, தகர ஷீட்டின் மேட்டுக்கு ஆணியை நகர்த்தினார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏங்க, யாரு இந்தக் குடைக்காரர்?"

"தெரிஞ்சவர்," என்றார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். "கூரை விஷயத்துல புலி."

"புலி எதுக்கு தினமும் நம்ம வாசல்ல வந்து நிக்குது?"

"அப்புறம் சொல்றேன்."

அவர் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து எதையும் முடிந்த பிறகுதான் சொல்வார். முன்னாடியே சொன்னால் அவள் சண்டை போடுவாளாம்.

உண்மையில் அவளுக்குப் பெரிய குழப்பமே கணவர்தான். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனிதர். மழைக்காலம் வந்தால் கட்டிலோரம் ஒழுகும். அங்கே ஒரு வாளியை வைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எழுந்து எழுந்து வாளியைக் கொட்டுவது அவள் வேலை. ஒரு மழைக்காலமாவது முழுசாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கெஞ்சிப் பார்த்தாள், சாப்பிடாமல் படுத்தும் பார்த்தாள். எதற்கும் மசியாதவர் போன மாதம் திடீரென்று, "கூரையை மாத்திடலாம்" என்றார். யார் செய்த புண்ணியமோ என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

குடைக்காரர் வெயிலிலும் குடையோடுதான் வந்தார். "மொத்தக் கூரையையும் ஒரேயடியா பிரிச்சிடாதீங்க. நடுவுல மழை வந்தா வீடு குளமாயிடும். ஒரு பக்கம் மூடினப்புறம் மறுபக்கத்தைத் தொடுங்க" என்றார். "உளுத்த சட்டத்து மேல புது ஷீட்டா? செத்த மாட்டுக்குச் சலங்கையா கட்டுறீங்க? சட்டத்தையும் மாத்துங்க" என்றார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மேஸ்திரியோடு சேர்ந்து கமிஷன் அடிக்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் மேஸ்திரியின் முகமோ விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது. கூட்டாளி முகம் அப்படியா இருக்கும்?

ஒருநாள் குடைக்காரர் அவளிடமே கேட்டார். "அம்மா, இங்க மழை எந்தப் பக்கமிருந்து சாய்ச்சு அடிக்கும்?"

இந்த வீட்டில் அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. "பின்பக்க மதில் பக்கமிருந்து சார். அந்த மூலைதான் முதல்ல ஒழுகும்."

"கேட்டீங்களா மேஸ்திரி? ஷீட்டு மேல ஷீட்டு ஏத்துறீங்களே, அந்த ஓரத்து வாய் காத்தைப் பார்த்து இருந்தா மழை நேரா உள்ள வந்துடும். திருப்பிப் போடுங்க."

அவளுடைய சந்தேகம் பாதி கரைந்தது. மீதிப் பாதி ஷீட்டுக்கு அடிக்கும் பெயிண்டின் நிறத்தில் வந்து நின்றது. அவள் பச்சை கேட்டாள். குடைக்காரர் சிவப்பு என்றார். கணவரும் சிவப்பு என்றார். பின்னறைக்கு மேல் வெளிச்சம் வர ஒரு கண்ணாடி ஷீட் வேறு. "படிக்கிறதுக்கு வெளிச்சம் வேணும்ல?" என்றார் குடைக்காரர். இந்த வீட்டில் யார் படிக்கிறார்கள்? ஒரே செய்தித்தாளை நாள் முழுக்கப் பிடித்திருக்கும் மனிதருக்கா இவ்வளவு உபசாரம்?

"ஏங்க, கட்டின பொண்டாட்டி பேச்சைவிட குடைக்காரர் பேச்சு ஒசத்தியா?"

"முதல் மழை வரட்டும்," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "எல்லாம் சொல்றேன்."

வேலை முடிந்த வாரமே மழை வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அன்று பார்த்துக் குடையை மறந்துவிட்டு, தொப்பலாக நனைந்தபடி குடைக்காரர் ஓடி வந்தார்.

மூவரும் படுக்கையறையில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மதில் பக்கமிருந்து சாய்த்து சாய்த்து அடித்தது. கட்டிலோரத்தில் பழக்கதோஷத்தால் அவள் வைத்த வாளி. அவள் குனிந்து அதற்குள் கையை விட்டுத் தடவினாள்.

"ஒரு சொட்டு இல்லீங்க!" அவள் நிமிர்ந்து கையை நீட்டிக் காட்டினாள். "அந்த மூலையைப் பாருங்க, அதுவும் காஞ்சு கிடக்கு! சார், நீங்க நல்லா இருக்கணும். இன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கப் போறேன்."

கணவர் தரையைப் பார்த்தார்.

குடைக்காரர் சந்தோஷமாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க சார். நாளைக்கே பத்திரத்தை முடிச்சிடலாம்." பிறகு அவள் பக்கம் திரும்பி, அன்பாகத்தான் சொன்னார்: "அந்த வாளி இனிமே எங்களுக்குத் தேவைப்படாதும்மா. வீட்டைக் காலி பண்ணும்போது மறக்காம எடுத்துட்டுப் போயிடுங்க."