மூன்றாவது பொத்தான்

“இங்கிருந்து போ” என்றது கைப்பேசி. குரல் கருவியுடையது என்றாலும், பொத்தானை அமுக்கிய விரல் அப்பாவுடையது. காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

மகள் அழுகையை விழுங்கிக்கொண்டு பெட்டியில் துணிகளைத் திணித்தாள். மூளையில் ரத்தம் கட்டிப் பேச்சிழந்த அப்பாவுக்கு, தொட்டால் பேசும் இந்தச் செயலிதான் இப்போது வாய். அதைத் தமிழில் பேச வைத்தவளும் அவளேதான். சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான் இது.

மொழிபெயர்ப்பு அவள் தொழில். ஆஸ்பத்திரியில் செயலி வேற்று மொழியில் இருந்ததைப் பார்த்து எரிச்சலாகி, அப்பா வீடு திரும்பிய அன்றே முப்பது பொத்தான்களையும் தமிழாக்கினாள். தொழில் சுத்தமாக அகர வரிசையில் வேறு அடுக்கிவைத்தாள்.

அப்பாவிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள் அவள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போலும். அவள் எழுந்தால் போதும், அமுக்கிவிடுகிறார்.

“அப்பா, நான் நிஜமாவே போகணுமா?” என்று அவர் காதருகே கத்தினாள். அவருக்கோ காது ரொம்ப மந்தம். அவர் அவள் கையிலிருந்த பெட்டியையே பார்த்தபடி, திரையைப் பார்க்காமலேயே அமுக்கினார்.

“இங்கிருந்து போ.”

அவள் உடைந்துபோனாள். அந்த நேரம் பார்த்து, ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள் உள்ளே வந்தார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“நான் என் வீட்டுக்குப் போறேன். இவரை முதியோர் இல்லத்துல சேர்க்கச் சொல்லிட்டேன் மேடம், சாயங்காலம் வண்டி வரும். என் முகத்துல முழிக்கவே பிடிக்கல அவருக்கு. எத்தனை தடவைதான் போ போன்னு சொல்வார்?”

அந்த அம்மாள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“வரிசையை மாத்தினீங்களா?”

“ஆமா. ஏன்?”

“அவருக்குப் பேச்சோட சேர்ந்து எழுத்தும் மறந்துபோச்சும்மா. படிச்சு அமுக்கல. எந்தப் பொத்தான் எந்த இடம்னு விரலைப் பிடிச்சுப் பழக்கிவிட்டேன். முதல்ல கத்துக்கிட்டது மூணாவது பொத்தான். ஆஸ்பத்திரியில நீங்க பார்த்துட்டுக் கதவைத் தாண்டின ஒவ்வொரு தடவையும் அதைத்தான் அமுக்குவார்.”

மகள் கைப்பேசியை வாங்கினாள். செயலியைப் பழைய மொழிக்கும் பழைய வரிசைக்கும் மாற்றினாள். மேல் வரிசையில் மூன்றாவது பொத்தானைத் தேடிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் வாய் தானாக அதை மொழிபெயர்த்தது.

“என்னை விட்டுப் போயிடாதே.”