மிக நன்று

"என்னை 'பி' பிரிவுக்கு மாற்றிவிடுங்கள்."

ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதிக் கொடுத்த மனுவில் இருந்தது அந்த ஒரு வரிதான். காரணம் எதுவும் இல்லை. தலைமையாசிரியை அதை மேசைமேல் நகர்த்தி வைத்தார்.

"உங்க வகுப்புப் பொண்ணுதான். படிச்சுப் பாருங்க."

தமிழ் டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

'பி' பிரிவுக்கா? அங்கே தமிழ் எடுப்பவர் 'கத்தரிக்கோல்' சார். பிள்ளைகள் வைத்த பெயர். அவரிடம் போன கட்டுரை நோட்டு திரும்பி வரும்போது முக்கால்வாசி வரி அடிபட்டிருக்கும். அவர் வகுப்பிலிருந்து தப்பித்து ஓடிவர ஆள் உண்டே தவிர, கேட்டுப் போக இதுவரை ஆள் இல்லை.

ஆசிரியர் அறைக்குள் நுழைவதற்குள் சேதி முந்திக்கொண்டு விட்டது.

"எல்லாம் நீங்க குடுத்த செல்லம்தான்," என்றார் வரலாறு டீச்சர். "எதைக் கிறுக்கினாலும் 'மிக நன்று', கூடவே ஒரு நட்சத்திரம். கடைசியில உங்களையே வேணாம்னுட்டா பாருங்க."

அந்தச் செல்லத்துக்கான காரணத்தைத் தமிழ் டீச்சர் வெளியே சொல்ல முடியாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணின் அப்பா தலைமையாசிரியையையும் இவரையும் பார்க்க வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலை மடியைவிட்டு எடுக்காமலே பேசினார்.

"ரத்தத்துல கோளாறு. இந்த வருஷம் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். அவகிட்ட வெறும் சோகைன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். இருக்கிற வரைக்கும் மனசு நோகாம பார்த்துக்கங்க. விஷயம் உங்க ரெண்டு பேரோட இருக்கட்டும்."

அதற்கு முன்னால் அவள் நோட்டின் ஓரமெல்லாம் டீச்சரின் கையெழுத்துதான். 'இங்கே பேசுவது யார்? இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன குறையும்? மறுபடி எழுதி வா.' அவளும் லேசில் விடமாட்டாள். வாதாடுவாள், முறைப்பாள், மறுநாள் எழுதிக்கொண்டு வந்து நிற்பாள். வகுப்பிலேயே நல்ல கை அது.

அப்பா வந்துபோன பிறகு டீச்சர் ஒரு பிழையைக்கூடச் சுழிக்கவில்லை. 'மிக நன்று' என்று எழுதி, நோட்டை மூடிவிட்டு அழுத நாளும் உண்டு.

அதற்குக் கிடைத்த மரியாதை இதுவா?

மதிய இடைவேளையில் அவளை வகுப்பறைக்குக் கூப்பிட்டார். மாடியேறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நான் உனக்கு என்னம்மா குறை வச்சேன்? ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருக்கேனா?"

"இல்ல மிஸ்."

"இப்பல்லாம் உன் நோட்டுல ஒரு கோடாவது போடுறேனா?"

"அதான் மிஸ்."

"என்ன அதான்?"

"போன கட்டுரையில ரெண்டாவது பத்தியையே மூணாவது பத்தியாவும் எழுதி வச்சேன். வேணும்னேதான். அதுக்கும் 'மிக நன்று' போட்டீங்க."

"நான்... கவனிக்கலைம்மா."

"நீங்க கவனிக்காம இருக்க மாட்டீங்க மிஸ்." குரலில் கோபமே இல்லை. "வீட்லயும் இப்படித்தான். நான் சண்டை இழுத்தாலும் தங்கச்சிக்குத்தான் திட்டு. எதைக் கேட்டாலும் சரி, சரி. அப்பகூட எனக்குப் புரியலை. உங்க 'மிக நன்று'லதான் தெரிஞ்சது."

"நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே. அந்த சார்கிட்ட போனா தினமும் திட்டுவாரும்மா."

"திட்டட்டும் மிஸ். நீங்க லீவு போட்ட அன்னிக்கு அவர்தான் வந்தாரு. என் நோட்டைப் பார்த்துட்டு, 'அடுத்த வருஷம் பரீட்சையில இப்படி எழுதினே, தொலைஞ்சே'ன்னு எல்லார் முன்னாடியும் கத்துனாரு."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட 'அடுத்த வருஷம்'னு சொல்ற ஒரே ஆளு இப்ப அவர்தான் மிஸ்."